கணினி தானாக அணைகிறதா? முதலில் உற்றறிவோம்!

வீட்டுக் கணினி வேலை செய்துகொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்துவிட்டால், நம்மவர் வீடுகளில் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடும். “எந்நேரமும் கேம் விளையாடினா கெட்டுத்தானே போகும்!” என்பது பெற்றோரின் தீர்ப்பு. “மதர்போர்டு போச்சு, புதுசா வாங்கிடுங்க” என்பது கடைக்காரரின் தீர்ப்பு. பெரும்பாலும் இவ்விரண்டு தீர்ப்புகளும் எந்த விசாரணையும் இல்லாமலேயே வழங்கப்படுகின்றன.

இஃது என்ன பெரிய விஷயமா என்று சிலர் கேட்கலாம். 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கணினியை அண்ணன் தம்பி அக்காள் தங்கை என முறை வைத்துப் பயன்படுத்திய குடும்பங்கள் எத்தனை! அத்தகைய வீட்டில் கணினி அணைந்தால் அன்றைய பாடமும் நின்றுபோகும். புதியது வாங்க வேண்டுமென்றால் ஆயிரம், இரண்டாயிரம் ரிங்கிட் வேண்டும். பத்து நிமிடத்தில் துடைத்துவிடக்கூடிய தூசிக்காக அவ்வளவு பணத்தைக் கொடுப்பது நியாயமா?

இக்கோளாறைக் கண்டுபிடிக்கக் கணினித்துறைப் பட்டம் தேவையில்லை என்பதே என் கருத்து. தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்தில் நாம் படித்ததே போதும். உற்றறிதல், ஊகித்தல், மாறிகளை நிர்ணயித்தல், கருதுகோள் உருவாக்குதல், பரிசோதனை செய்தல் என்று வரிசையாக மனனம் செய்தோமே, நினைவிருக்கிறதா? தேர்வு முடிந்ததும் அவற்றைப் புத்தகத்தோடு மூடி வைத்துவிட்டோம். இடைநிலைப்பள்ளியில் அதே திறன்களை மலாய்மொழியில் மீண்டும் படித்தபோது, தமிழில் படித்தது வேறு ஏதோ ஒன்று போல் ஆகிவிட்டது. அவற்றை உண்மையான சிக்கல் ஒன்றில் செயல்படுத்திப் பார்க்க வீட்டுக் கணினியைவிட நல்ல வாய்ப்பு ஏது?

முதலாவது உற்றறிதல். கணினி எப்படி அணைகிறது? விளக்கு அணைவதுபோல் ஒரே நொடியில் இருண்டுவிடுகிறதா? நீலத்திரை தோன்றி மறுபடியும் தொடங்குகிறதா? தொடங்கி எத்தனை நிமிடங்கள் கழித்து அணைகிறது? அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது? இவற்றை ஒரு தாளில் மூன்று நாள்களுக்குக் குறித்து வையுங்கள். அதற்கு முன், முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகலெடுத்துக் கொள்வது அவசியம்.

விளையாட்டோ காணொளியோ ஓடத் தொடங்கிச் சிறிது நேரத்தில் அணைந்து, உடனே மீண்டும் தட்டினால் முன்பைவிட விரைவாக அணைகிறது. ஆனால் அரைமணி நேரம் ஓய்வு கொடுத்தால் நெடுநேரம் தாங்குகிறது என்றால், வெப்பமே காரணம் என்று ஊகிக்கலாம். செயலி தன்னைத் தானே காத்துக்கொள்ளும். சூடு ஏறினால் முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கணினியையே அணைத்துவிடும். பல செயலிகளுக்கு 100 பாகை செல்சியஸை ஒட்டியே எல்லை அமைந்திருக்கிறது. வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் உள்ளன. சும்மா இருக்கும்போதே 80 பாகையைத் தொட்டால் சந்தேகம் உறுதியாகிறது. இப்போது பரிசோதனை: பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து, அதே வேலையைச் செய்யுங்கள். இம்முறை அணையாவிட்டால் கருதுகோள் ஏற்கப்பட்டது! விசிறியில் அடைத்த தூசி, செயலிக்கும் வெப்பம் கடத்தும் உலோகத்துக்கும் இடையில் காய்ந்துபோன பசை, காற்று புகாத மேசை அறைக்குள் திணித்து வைக்கப்பட்ட பெட்டி ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். மடிக்கணினியை மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்தினாலும் இதே கதைதான்.

நேரக்கணக்கு எதற்கும் கட்டுப்படாமல், சூடில்லாதபோதும் ஒரே நொடியில் அணைகிறதா? மின்சாரத்தின் பக்கம் பாருங்கள். நீட்டிப்புக் கம்பியில் விசிறி, தொலைக்காட்சி, கைப்பேசி எனப் பலவற்றோடு கணினியும் தொங்கிக்கொண்டிருக்கும். அதைவிட்டுச் சுவரிலுள்ள வேறொரு பிளக்கில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். தளர்ந்த கம்பியாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால், கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை தளர்ந்திருக்கலாம். அதைத் தனியாக மாற்றிவிடலாம். முழுக் கணினியையும் மாற்ற வேண்டியதில்லை.

நீலத்திரையோடு மறுதொடக்கம் ஆனால், நினைவகமோ மென்பொருளோ காரணமாகலாம். வின்டோஸ் பிழை கண்டதும் தானாகவே மறுதொடக்கம் செய்யும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த அமைப்பை நீக்கிவிட்டால் திரையிலுள்ள பிழைச்செய்தியைப் படிக்க நேரம் கிடைக்கும். ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவைக் கண்டு பதறுவோர் உண்டு. முறையாக மூடப்படாமல் கணினி நின்றது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் நின்றது என்று அது சொல்வதில்லை. விளைவைக் காரணமென்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டுமே மாற்ற வேண்டும் என்ற விதி இங்கும் பொருந்தும். தூசியைத் துடைத்து, பிளக்கை மாற்றி, வின்டோஸையும் ஒரே நாளில் புதிதாக ஏற்றினால், எது குணப்படுத்தியது என்று யாருக்குத் தெரியும்? வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் நோயையும் அதன் மூலத்தையும் ஆராய்ந்த பிறகே தணிக்கும் வழியைத் தேடச் சொல்கிறார். மருந்தை முதலில் வைக்கவில்லை!

துணிவு வேண்டும், அசட்டுத் துணிவு கூடாது. பெட்டியைத் திறப்பதற்குமுன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பவர் சப்ளையின் உள்ளே கைவைக்கவே கூடாது. மின்னிணைப்பைத் துண்டித்த பிறகும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும். இடியும் மின்னலும் நிறைந்த நம் நாட்டில், மழை இருட்டியதும் கணினியின் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்ல பழக்கம்.

“கடையில் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்களே, நமக்கு ஏன் இந்த வேலை?” என்று கேட்கலாம். தாராளமாகக் கொடுங்கள். ஆனால், கடையில் பத்து நிமிடம் தட்டிப் பார்க்கும்போது கணினி நன்றாகவே ஓடும். பிறகு அவரும் ஊகிக்கத்தான் செய்வார்; அந்த ஊகத்தின் விலையை நாம்தான் கட்ட வேண்டும். “விளையாடத் தொடங்கி இருபது நிமிடத்தில் அணைகிறது, மூடியைத் திறந்து விசிறி வைத்தால் அணைவதில்லை” என்று குறிப்புத்தாளோடு செல்பவரிடம் மதர்போர்டு கதை எளிதில் செல்லாது. நேர்மையான கடைக்காரருக்கோ அது பேருதவி.

நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், கணினியில் தமிழைத் தட்டச்சு செய்ய வழிவகுத்தது. 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது. கணினிக்குள் தமிழ் வந்துவிட்டது. ஆனால், கணினியைப் பற்றித் தமிழில் சிந்திக்கிறோமா? “அதற்கெல்லாம் தமிழில் சொல் இல்லை” என்பது சாக்கு. எப்போது, எவ்வளவு நேரம் கழித்து, எதை மாற்றினால் என்ற கேள்விகளுக்கு எந்தக் கலைச்சொல்லும் தேவையில்லை. மதர்போர்டு மதர்போர்டாகவே இருந்துவிட்டுப் போகட்டும். ‘ஏன்’ என்ற கேள்வி தமிழில் எழட்டும்.

மொழிக் கழகங்கள் கவிதைப் பட்டறையும் நாடகப் பட்டறையும் நடத்துகின்றன. அவற்றோடு, அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியில் ஒரு பழைய கணினியை மாணவர்கள் முன் திறந்து வைத்து, ஒரு பிற்பகல் தமிழில் விளக்கலாமே! கணினி அணைந்தால் திட்டு வாங்கும் பிள்ளை, குறிப்புத்தாளை எடுத்துவந்து காரணத்தைக் காட்டும் பிள்ளையாக மாறட்டும். கல்வி கற்றோம் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?