அவையடக்கமும் பொன்னாடையும்

நம்மவர் மத்தியில் நூல் வெளியீடுகள் பெருகியிருக்கின்றன. மகிழ்ச்சியான விடயம்தான். ஆனால் அவ்விழாக்களில் நூலைப் பற்றிய பேச்சு அருகிக்கொண்டு வருகிறது. வரவேற்புரை, வாழ்த்துரைகள், முதற் பிரதி வழங்கல், பொன்னாடை, பட்டமளிப்பு என இரண்டு மணித்தியாலம் கழிந்த பின்னர் நயவுரைக்குப் பத்து நிமிடமே மிஞ்சுகிறது. அழைப்பிதழிலும் நூலின் பெயரைவிட ஆசிரியரின் பட்டங்களே அதிக இடம் பிடிக்கின்றன.

இதைச் சொன்னால், "எங்கள் எழுத்தாளரை நாங்கள் கௌரவிக்காமல் வேறு யார் கௌரவிப்பது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காலமெல்லாம் எழுதி, சொந்தப் பணத்தில் நூல் அச்சிட்டு, விற்காத பிரதிகளை வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் மூத்தவருக்கு ஊர் கூடிப் பொன்னாடை போர்த்துவதை நான் குறை கூறவில்லை. அது ஊர் தீர்க்கும் நன்றிக்கடன். அந்தப் பொன்னாடையை விமர்சனத்துக்கு எதிரான கேடயமாகப் பிடிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

கிழக்கிலே நடந்த ஒரு கவிதை நூல் வெளியீட்டில் நானும் இருந்தேன். நயவுரை ஆற்றிய இளம் ஆசிரியை கவிதைகளை மனமாரப் பாராட்டினார். பிறகு, இரண்டு இடங்களில் சந்தம் இடறுவதையும் ஓர் உவமை பொருந்தாததையும் பணிவோடு சுட்டினார். நூலாசிரியர் தமது ஏற்புரையை "அடியேன் சிறியவன்" என்றுதான் தொடங்கினார். அடுத்து, தாம் பெற்ற பட்டங்களை வரிசையாகச் சொல்லி, அவற்றைத் தந்த பெரியவர்களுக்குத் தெரியாதது இந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டார். சபை கைதட்டியது. அதன் பின் அந்த ஆசிரியையை எந்த மேடையிலும் நான் காணவில்லை. நட்டம் யாருக்கு?

உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் அவையடக்கத்தில், புலவர்கள் முன் தாம் பாடுவதைச் சண்டமாருதத்தின் எதிரே சிற்றெறும்பு விட்ட மூச்சுக்கு ஒப்பிடுகிறார். அப்படிச் சொன்னவர்தான் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைப் பாடினார். ஆகவே பணிவு என்பது கோழைத்தனம் அல்ல. நூலை அவை முன் அரங்கேற்றிய மரபில் அவைக்குக் கேள்வி கேட்கும் உரிமை இருந்தது. தொல்காப்பியம் கூறும் அவையடக்கியலும், தான் குறைபடக் கூறினாலும் வகைப்படுத்தி ஏற்றுக்கொள்ளுமாறு அவையை வேண்டுவதே. அதாவது, 'நான் சிறியவன்' என்பது அதில் பாதிதான். 'என்னிலும் இந்த அவை பெரியது, தமிழ் அதனிலும் பெரியது' என்பது மறுபாதி. இன்றைய 'அடியேன்' அந்த மறுபாதியை விழுங்கிவிடுகிறது.

பெருமை பற்றிய ஹதீஸ் நாம் அறிந்ததுதான். நல்ல உடையையும் நல்ல செருப்பையும் ஒருவர் விரும்புவது பெருமையாகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்கள் அதைப் பெருமையில் சேர்க்கவில்லை. சத்தியத்தை மறுப்பதும் மனிதரை இழிவாகக் கருதுவதுமே பெருமை என்று விளக்கினார்கள். அந்த அளவுகோலை நமது மேடைக்குக் கொண்டு வாருங்கள். பொன்னாடை பிழைத்துக்கொள்ளும். சுட்டிய குறையை மறுத்து, சுட்டியவரையும் சிறுமைப்படுத்திய அந்த ஏற்புரை பிழைக்காது.

விமர்சகர் சொல்வதெல்லாம் சரி என்று நான் வாதிடவில்லை. பிழையாகச் சொன்னால் மறுத்துப் பேசுங்கள்; கவிதையை வாசித்துக் காட்டி மறுத்துப் பேசுங்கள். சொன்ன கருத்துக்குப் பதில் வேண்டும், சொன்னவரின் வயதுக்கு அல்ல. அடுத்த விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடுவோரிடம் ஒரு வேண்டுகோள்: வாழ்த்துரைகளில் இரண்டைக் குறைத்து, நயவுரைக்கு அரை மணித்தியாலம் கொடுங்கள். ஏற்புரையில் பாராட்டை மாத்திரமன்றி ஒரு திருத்தத்தையாவது ஏற்கும் படைப்பாளிக்கு முதல் ஆளாகக் கைதட்ட நான் வருகிறேன்.