கைப்பேசிக்குள் ஒரு கள்வன்

கள்வனுக்கு இருட்டு வேண்டும் என்பது பழங்காலத்து எண்ணம். இன்றைய கள்வனுக்குக் கன்னக்கோலும் வேண்டாம், நள்ளிரவும் வேண்டாம். ஒரு குறுஞ்செய்தி போதும். பட்டப்பகலிலே, நாம் விழித்திருக்கும்போதே, நம் பணம் போய்விடுகிறது.

இக்களவு இருவகைப்படும். முதலாவது சில்லறைக் களவு. பாட்டு, ஜோதிடம், கிரிக்கெட் என்று நாம் கேளாத சேவை நம் தலையில் கட்டப்படும். ரீசார்ஜ் செய்த தொகை சிறிது சிறிதாகக் கரையும். இதைத் தடுக்கவே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013-இல் ஒரு கட்டளை பிறப்பித்தது. சந்தாதாரர் இருமுறை சம்மதம் தெரிவித்தாலன்றி இத்தகைய சேவைக்குக் கட்டணம் பிடித்தல் ஆகாது. வேண்டாத சேவையை நிறுத்த 155223 என்ற எண்ணும் வகுக்கப்பட்டது. இதனை அறிந்தோர் நம்மில் எத்தனை பேர்?

இரண்டாவது பெருங்களவு. மின்கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவே இணைப்புத் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணுக்குப் பேசுக என்னும் பொய்ச்செய்தி 2022-இல் தமிழ்நாடெங்கும் பரவியது. நம்பிப் பேசியவரை ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். அதன் வழியே அயலான் நம் கைப்பேசித் திரையைக் காண்பான்; வங்கிக் கணக்கு வெறுமையாகும். காவல்துறை எச்சரித்தது, ஆனாலும் ஏமாந்தோர் பலர்.

ஏன் ஏமாந்தார்கள்? படிப்பில்லாமையே காரணம் என்பர் சிலர். நான் அதை ஒப்பமாட்டேன். பட்டம் பெற்றோரும் ஏமாறுகிறார்களே! உண்மைக் காரணங்கள் மூன்று: அச்சம், அவசரம், தனிமை. இவற்றுள் கொடியது தனிமையே.

எங்கள் திருவெள்ளறையிலே பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் வெட்டப்பட்ட ஸ்வஸ்திக வடிவக் கிணறு ஒன்று உண்டு. நான்கு பக்கமும் படித்துறைகள். ஒரு துறையில் இறங்கியவரை மற்றொரு துறையில் நிற்பவர் காண இயலாது. கைப்பேசியும் நம்மை அப்படித்தான் ஆக்கிவிட்டது. ஒரே வீட்டில் நால்வர் இருந்தாலும், ஒருவருக்கு வந்த செய்தி மற்றவருக்குத் தெரியாது. கள்வனுக்கு அதுதானே வேண்டும்!

ஆகவே, தற்காப்பின் முதல் விதி, செயல்படுமுன் இன்னொருவரிடம் சொல்லுதல். முன்பின் அறியாத பத்து இலக்க எண்ணிலிருந்து "மின்வாரியம்", "வங்கி" என்று செய்தி வந்தால், அந்த எண்ணுக்குப் பேசாமல் நேரே அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும். ஓ.டி.பி. எண்ணை எவர் கேட்டாலும் சொல்லலாகாது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கும் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்ததாயினும், வங்கிக்கு அறிவித்த பின்பு நேரும் இழப்பு வங்கியைச் சேரும். எனவே ஒவ்வொரு நிமிடமும் பணமே.

ஆனால், இழந்தவர் ஏன் வாய் திறப்பதில்லை? நாம் சிரிப்போம் என்ற வெட்கத்தால்! "இதுகூடத் தெரியாதா?" என்னும் நம் ஏளனம், கள்வனுக்கு நாம் அளிக்கும் உதவி.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதல் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். ஆங்கிலத்தில் வரும் செய்தியை அப்பாவும் அம்மாவும் நம்மிடமே நீட்டுகிறார்கள். சலிக்காமல் படித்துச் சொல்வோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் செல்லும்போது மரக்கன்றோடு 1930 என்ற எண்ணையும் ஒவ்வொரு வீட்டிலும் நட்டுவிட்டு வருவோம். நாம் கற்ற கல்விக்கு அதைவிட நல்ல பயன் வேறென்ன?