காதில் பாட்டு, கடலில் மூச்சு

காலை ஐந்தரை மணிக்கு பெங்களூரின் நீச்சல் குளங்களுக்கு வருபவர்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முழங்கால் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தாக நீச்சலை எடுத்துக்கொள்பவர்கள் முதல் வகை. பள்ளிக்கூட நேரத்துக்கு முன் பிள்ளையைப் பயிற்சிக்கு இழுத்து வந்து, கரையில் பிளாஸ்க் காபியோடு கொட்டாவி விடும் பெற்றோர் இரண்டாவது. மூன்றாவது வகை சமீபத்திய வரவு. நாற்பதைத் தொட்ட கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜர். மணிக்கட்டில் எல்லாவற்றையும் எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரம். இரண்டு காதுக்கும் முன்னால், கன்னத்து எலும்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாட்டுக் கருவி. டிசம்பர் குளிரில் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் வரும்: "கோவா."

அவர் சொல்வது கடற்கரை விடுதியை அல்ல, 'அயன்மேன் 70.3' போட்டியை. 2019-ல் கோவாவுக்கு வந்த இந்தப் போட்டியில் மிராமர் கடலில் 1.9 கி.மீ. நீந்த வேண்டும், கரையேறி 90 கி.மீ. சைக்கிள் மிதிக்க வேண்டும், இறங்கி 21.1 கி.மீ. ஓட வேண்டும். மொத்தம் 113 கி.மீ. மைலில் சொன்னால் 70.3. பெங்களூர் தெற்குத் தொகுதி எம்.பி. தேஜஸ்வி சூர்யா 2024 அக்டோபரில் இதை எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தார். 2025 நவம்பரில் மறுபடி அவர் இறங்கியபோது தமிழக பா.ஜ.க.வின் முன்னாள் தலைவர் அண்ணாமலையும் களத்தில் இருந்தார். (இடையில், 2025 மார்ச்சில் சூர்யா கைப்பிடித்தது சென்னையைச் சேர்ந்த கர்நாடக இசைப் பாடகி சிவஸ்ரீ ஸ்கந்தபிரசாத்தை. டிரையத்லானும் சங்கீதமும் இப்போது ஒரே வீட்டில்.)

டிரையத்லான் 1974-ல் அமெரிக்காவின் சான்டியாகோவில் பிறந்த விளையாட்டு. 1978-ல் ஹவாயில் நடந்த முதல் அயன்மேனில் கிளம்பியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர். ஒலிம்பிக்கில் அது நுழைந்தது 2000-ல், சிட்னியில். பெங்களூரில் பயிற்சிக் குழுக்கள் இப்படிப் பெருகுவதற்கு முன்பே அனு வைத்யநாதன் இதில் இறங்கியிருந்தார். 2009-ல் கனடாவில் அவர் முடித்த 'அல்ட்ராமேன்' மூன்று நாள் சமாச்சாரம்: 10 கி.மீ. நீச்சல், 420 கி.மீ. சைக்கிள், 84 கி.மீ. ஓட்டம். அந்த அனுபவங்களை 2016-ல் புத்தகமாகவும் எழுதினார். அவருடைய பாதையில் இன்று போகிறவர்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலோர் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான்: முதல் 1.9 கி.மீ.யில்.

தூரக் கணக்கில் பார்த்தால் நீச்சல் ஒரு துண்டு மட்டுமே. ஆனால் சைக்கிளில் நந்தி மலை ஏறும்போது மூச்சு முட்டினால் ஓரமாக நிறுத்தி இளநீர் குடிக்கலாம். ஓட்டத்தில் நடக்கலாம். கடலில் ஓரம் கிடையாது. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளில் மரணங்களையும் இதயத் துடிப்பு நின்று சரிந்து மீட்கப்பட்டவர்களையும் ஆராய்ந்த டாக்டர்கள் 2017-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். மொத்தம் 135 சம்பவங்கள். அதில் 90 நீச்சலின்போது. பாதிக்கப்பட்டவர்களின் சராசரி வயது 47-ஐ ஒட்டி, பெரும்பாலோர் ஆண்கள். நம் மேனேஜரின் வயதும் வர்க்கமும்தான். பலருக்கு இதயத்தில் தங்களுக்கே தெரியாத கோளாறு இருந்தது. சைக்கிளுக்கு இரண்டு லட்ச ரூபாய் செலவழிப்பவர், அதில் ஒரு துளியை ஈ.சி.ஜி.க்கும் டிரெட்மில் சோதனைக்கும் ஒதுக்குவதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

சரி, பாட்டுக்கு வருவோம். குளத்தில் பாட்டு எதற்கு? நீந்துகிறவர்களுக்குத்தான் தெரியும், இதைவிடச் சலிப்பான உடற்பயிற்சி இல்லை என்பது. பார்ப்பதற்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு. பேச ஆள் இல்லை. 25 மீட்டர் குளத்தில் ஒரு கிலோமீட்டர் என்றால் அதே சுவரை 40 முறை பார்க்க வேண்டும். பாட்டு அந்த நேரத்தைக் கரைக்கிறது. உடலையும் கொஞ்சம் முடுக்குகிறது. பிரிட்டனின் புருனெல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2013-ல் நீச்சல்காரர்களுக்குப் பாட்டுப் போட்டு 200 மீட்டர் நீந்தவிட்டுப் பார்த்தார்கள். உற்சாகப் பாட்டானாலும் சாதாரணப் பாட்டானாலும் வேகம் சற்றே கூடியது. எத்தியோப்பிய ஓட்ட வீரர் ஹெய்லே கெப்ரசெலாசி 1998-ல் பர்மிங்காம் உள்ளரங்கில் 2,000 மீட்டர் உலக சாதனை படைத்தபோது 'ஸ்கேட்மேன்' பாட்டை அரங்கில் ஒலிக்கவிட்டு அதன் தாளத்தில் ஓடியது பிரபலமான கதை.

தண்ணீருக்குள் பாட்டுக் கேட்பதில் ஒரு வேடிக்கை உண்டு. செல்போனிலிருந்து காதுக்குப் பாட்டை அனுப்பும் புளூடூத் அலையைத் தண்ணீர் சில அங்குலத்திலேயே விழுங்கிவிடும். ஆகவே பாட்டுகளைக் கருவிக்குள்ளேயே நிரப்பிக்கொண்டுதான் குதிக்க வேண்டும். இத்தனை தொழில்நுட்பத்துக்குப் பிறகு, வாக்மேனில் கேசட் போட்டுக்கொண்டு கிளம்பிய காலத்துக்கே திரும்பியிருக்கிறோம். ஒலி செவிப்பறை வழியாகப் போவதில்லை. கன்னத்து எலும்பை அதிரவைத்து நேராக உட்காதுக்குப் போகிறது. தண்ணீரில் இது அற்புதமாகவே கேட்கிறது.

அதில்தான் ஆபத்தும். காற்றில் போவதைப் போல நான்கு மடங்குக்கு மேல் வேகமாக ஒலி தண்ணீரில் பயணம் செய்யும். ஒரு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை, இரண்டு காதுகளுக்கும் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை கணிக்கிறது. தண்ணீருக்குள் அந்த வித்தியாசம் சுருங்கிவிடுவதால் திசை குழம்பிப்போகும். ஏற்கனவே பாதிச் செவிடாக இருப்பவர் பாட்டையும் போட்டுக்கொண்டால் மீதியும் போயிற்று. காவலர் விசில் ஊதுவது, பக்கத்துத் தடத்துப் பையன் இருமுவது எதுவும் கேட்காது. பாட்டில் மூழ்கியவரை எழுப்ப நீண்ட மூங்கில் கழியால் தோளில் தட்டுவதைப் பார்க்கலாம். குளத்தில் அது சிரிப்புக்குரிய காட்சி. ஏரியிலோ கடலிலோ படகு வந்தால் தட்ட ஆள் இருக்காது.

பாட்டின் மீதான என் புகார் வேறொன்று. அது மூச்சை மறைக்கிறது. புதிதாக நீந்துபவர் செய்யும் முதல் தவறு தலையைத் தண்ணீருக்குள் வைத்தவுடன் மூச்சைப் பிடித்துக்கொள்வது. உள்ளே கரியமில வாயு சேரச் சேர பதற்றம் ஏறும். கை கால் படபடக்கும். 'ஸ்டாமினா போதவில்லை' என்று அவர் நினைத்துக்கொள்வார். உண்மையில் போதாதது வெளிமூச்சு. முகம் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் மூக்காலும் வாயாலும் குமிழி விட்டுக்கொண்டே இருந்தால், தலையைத் திருப்பும்போது காற்று தானாக உள்ளே வரும். இந்தக் குமிழிச் சத்தம்தான் நீச்சல்காரருக்கு வாத்தியார். பாட்டு போட்டால் வாத்தியார் பேச்சு கேட்காது.

தாளம்தான் வேண்டும் என்றால் அது நீச்சலிலேயே இருக்கிறது. மூன்று கைவீச்சுக்கு ஒரு மூச்சு எடுப்பவர் ஒருமுறை வலப்பக்கமும் அடுத்த முறை இடப்பக்கமும் திரும்புவார். தகிட, தகிட. சுத்தமான திஸ்ரம். வேகமாக நீந்துபவர்களின் காலடியும் ஒரு கைவீச்சுக்கு மூன்று வீதம்தான் விழுகிறது. மிருதங்கம் படித்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். டிரையத்லான்காரர்கள் மட்டும் ஒரு கைக்கு ஒரு உதை என்று சிக்கனமாக வைத்துக்கொள்வார்கள். சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் கால் மிச்சம் வேண்டுமே.

இனி பெங்களூரின் தனிப்பட்ட சிக்கல். ஏரிகளின் நகரம் என்று பெயர். நீந்தத் தகுந்த ஏரி நகருக்குள் கிடையாது. அல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் மூடியே கிடந்து 2009-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் அழகாகத்தான் தெரிகிறது. இறங்கினால் தோல் டாக்டரிடம் போக வேண்டியிருக்கும். பெள்ளந்தூர் ஏரியைச் சொல்லவே வேண்டாம். நுரை பொங்கி, தீப்பிடித்தே எரிந்த ஏரி அது. ஆக, கடலுக்குப் பயிற்சி எடுப்பவர் சுவர்களுக்கு நடுவில்தான் பயிற்சி எடுக்கிறார். அடிக்கோடு இல்லாமல் நேராக நீந்துவது, அலையில் தலைதூக்கி மிதவையைப் பார்ப்பது, நூறு பேர் கை கால் இடிக்கும் நெரிசல் எதையும் குளம் சொல்லித் தராது. கண்ணை மூடிக்கொண்டு எட்டு கைவீச்சு, பிறகு தலைதூக்கிப் பார் என்று பயிற்சியாளர்கள் கொடுக்கும் பாடம் ஓரளவுக்கு உதவும். போட்டிக்கு முன் சில தடவையாவது, துணையோடும் பாதுகாப்புப் படகோடும் திறந்த நீரில் இறங்கியே ஆக வேண்டும்.

அந்தக் குளத்துக்கும் தண்ணீர் வேண்டும். 2024 மார்ச்சில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டு நகரம் லாரித் தண்ணீருக்கு அலைந்தபோது, குடிநீரை நீச்சல் குளங்களில் பயன்படுத்தக் குடிநீர் வாரியம் தடை போட்டது, மீறினால் ரூ. 5,000 அபராதம். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் உள்ள ஒரு குளம் 25 லட்சம் லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரியில் 208 நடை. சுமார் 100 கி.மீ. தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்துக்கு மின்சாரம் செலவழித்து ஏற்றப்படும் காவிரி அது. 2024 அக்டோபரில் ஐந்தாவது திட்டம் திறக்கப்பட்டு நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி பிறந்தது உண்மை. அதற்காக ஒவ்வொரு அடுக்குமாடிக் குடியிருப்புக்கும், நாலு பேர் நனைந்துவிட்டுப் போக ஒரு குளம் தேவைதானா? ஊரார் பிள்ளைகள் நாளெல்லாம் பேட்ச் பேட்சாக நீந்தும் பொதுக் குளத்துக்கும் இதற்கும் ஒரே தடை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000 பேருக்கு மேல் நீரில் மூழ்கி இறக்கிறார்கள். நீச்சல் வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கக்கூடிய விஷயம் இல்லை.

கோவா ஆசையே இல்லாத முதல் வகையினருக்கும் சில வார்த்தை. கழுத்தளவு நீரில் நிற்கும்போது உடலின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் கால் தாங்குகிறது. தேய்ந்த மூட்டுக்கு இதைவிட இதமான பயிற்சி அரிது. ஆனால் அதே காரணத்தால் எலும்புக்கு இதனால் பெரிய பலம் சேராது. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் நீச்சலோடு நடையையும் கொஞ்சம் எடைப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குதிக்கக் கூடாது. மயக்கம் வரும் இடம் தண்ணீராக இருக்கக் கூடாது. கரையில் குளுக்கோஸ் இருக்கட்டும், பயிற்சியாளருக்கும் விஷயம் தெரிந்திருக்கட்டும். எடை குறையும் என்று வருபவர்கள் நீச்சலுக்குப் பின் எடுக்கும் பசியைக் கணக்கில் வைக்க வேண்டும். குளிர்ந்த நீர் பசியைக் கிளப்பும். குளத்துக்கு எதிரே மசாலா தோசைக் கடையும் இருக்கும்.

தண்ணீரைக் கண்டு பயப்படுபவர்களுக்கு நிஷா மில்லட்டின் கதையைச் சொல்லலாம். ஐந்து வயதில் மூழ்கப்பார்த்த குழந்தை. பயம் தெளிய வேண்டும் என்று 1991-ல் சென்னை ஷெனாய் நகரில் அப்பாவே நீச்சல் கற்றுக்கொடுத்தார். 2000-ல் சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஃபிரீஸ்டைலில் இந்தியாவுக்காக நீந்தினார். இன்று பெங்களூரில் மற்றவர்களுக்குக் கற்றுத்தருகிறார். அதே 200 மீட்டரில், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நீந்திய தினிதி தேசிங்கு பெங்களூர்ச் சிறுமி. அப்போது வயது 14. நம் ஊர்க்காரர்களுக்கு குற்றாலீஸ்வரன் நினைவுக்கு வருவார். 1994-ல் 12 வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தபோது அவருக்குத் துணை குளிரும் உப்பும் கூடவே வந்த படகும்தான்.

நம் மேனேஜர் இந்த ஜனவரியில் தொடங்கினால் கோவா போட்டிக்குப் பத்து மாதம் இருக்கும். முதல் இரண்டு மாதம் பாட்டில்லாமல் குமிழி மட்டும். நீளமாக, மெதுவாக, நிற்காமல் நீந்த வந்த பிறகு வாரத்தில் ஒரு நாள் பாட்டோடு நீந்தட்டும். இளையராஜாவோ ரஹ்மானோ அவர் பாடு. சிலர் பாட்டுக்குப் பதில் தொப்பிக்குள் செருகும் 'பீப்' கருவியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கை வீசுகிறார்கள். வேகத்தைச் சீராக்க அது இன்னும் நல்லது. கடைசி மாதம் மறுபடி வெறும் காது. கோவாவுக்குப் பெட்டி கட்டும்போது நீச்சல் கண்ணாடி இரண்டு எடுத்துக்கொள்ளலாம், ஒன்று தொலைந்தால் உதவும். பாட்டுக் கருவியை வீட்டிலேயே வைத்துவிடலாம். டிரையத்லான் விதிகள் போட்டியில் அதை அனுமதிப்பதில்லை.