காருக்கு மறுபிறவி, தொழிலாளிக்கு வெளிவாசலா?

1961ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில், பிரிட்டிஷ் ஜாகுவார் கம்பெனி ‘ஈ-டைப்’ என்னும் ஸ்போர்ட்ஸ் காரைக் காட்சிக்கு வைத்தது. மணிக்கு 150 மைல் ஓடும் என்று விளம்பரம் செய்தது. விலை சுமார் 2,100 பவுண்டு. வடிவத்தை வரைந்தவர் மால்கம் சேயர். தகட்டை வளைத்து, பற்றவைத்து, அதைக் காராக்கியவர்கள் கோவென்ட்ரி நகரத்து பிரவுன்ஸ் லேன் ஆலைத் தொழிலாளிகள். 1974 வரை 70,000க்கு மேற்பட்ட கார்கள் அவர்கள் கைபட்டு வெளிவந்தன.

ஆரம்பக் கார்களில் குறைகள் இருந்தன. நெரிசலில் நின்றால் இஞ்சின் கொதிக்கும். முதல் கியர் முரண்டு பிடிக்கும். வேகத்துக்கு ஏற்ற பிரேக் இல்லை. 2017இல் கம்பெனியே பழைய கார்களைப் பிரித்துச் செப்பனிட்டு, மறுபிறவி எடுத்தவை என்று விற்க முன்வந்தது. விரும்புவோருக்குத் திருந்திய கியர்ப்பெட்டி, நல்ல குளிர்விப்பு, பிந்தைய மாடலின் பிரேக். முதல் தொகுதி பத்தே கார்கள். விலை 285,000 பவுண்டு முதல். அதாவது இரண்டு கோடி ரூபாய்க்கு மேல்! அதே ஆண்டில் மின்சார மோட்டார் பூட்டிய ஈ-டைப் ஒன்றும் வந்தது. 2018 மே மாதம் இளவரசர் ஹாரி தம் கலியாண நாளில் அதில்தான் பவனி போனார்.

இந்த வேலைப்பாட்டை நாம் பழிக்கவில்லை. பழைய யந்திரத்தின் நாடி பிடித்து அதை மீண்டும் ஓடவைப்பது தொழிலாளியின் கைத்திறன். அதைப் போற்றுகிறோம். நமது கேள்வி வேறு.

அந்தக் கார் பிறந்த ஆலைக்கு என்ன கதி? அப்போது ஜாகுவாரின் எஜமானனாயிருந்த ஃபோர்டு கம்பெனி, ஆலைகள் அதிகம், நஷ்டம் அதிகம் என்று கணக்குக் காட்டி, 2005இல் பிரவுன்ஸ் லேனில் கார் உற்பத்தியை நிறுத்தியது. காருக்கு வயதானால் விலை நூறு மடங்கு ஏறுகிறது. அதைக் கட்டிய ஆலைக்கு வயதானால் பூட்டு விழுகிறது! இதுதான் முதலாளித்துவத்தின் தராசு.

இது கடல் கடந்த சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். 2008இல் ஜாகுவாரை வாங்கியது டாட்டா கம்பெனி. 2024இல் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் அதே டாட்டாவின் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அத்தகைய ஆலைகளின் வாசலில் வேலை கேட்டு நிற்பவர்கள் நம் பிள்ளைகள்.

“கம்யூனிஸ்டுகள் நவீன யந்திரத்துக்கு விரோதிகள்” என்று முதலாளிகள் தூற்றுகிறார்கள். பொய்! ஈ-டைப்பைப் புதுப்பித்தவர்கள் அதன் உடலைக் குப்பையில் வீசவில்லை. குறையை மட்டும் மாற்றினார்கள். ஆலையையும் அப்படியே புதுப்பியுங்கள் என்கிறோம். புது யந்திரம் வரட்டும். அதை ஓட்டும் பயிற்சி முதலாளி செலவில் பழைய தொழிலாளிக்குக் கிடைக்கட்டும். காண்ட்ராக்ட் முறை ஒழிந்து வேலை நிரந்தரமாகட்டும். சங்கம் அமைக்கும் உரிமை இருக்கட்டும்.

தோழர்களே! இரும்புக்கு மறுவாழ்வு தரப் பணம் உண்டென்றால், இரும்பை வளைத்த கைக்கும் உண்டு. தானாகக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றுபட்டுக் கேட்போம், போராடிப் பெறுவோம்!