ஒன்றுமே இல்லாத இடத்துக்கு ஒரு டூர்

லீவு விட்டால் எங்கே போகலாம் என்று பேச்சு வந்தாலே ஊட்டி, கொடைக்கானல், மூணாறு... இந்த மூன்றைத் தாண்டி யாரும் யோசிப்பதில்லை. "சைலண்ட் வேலி போகலாம்" என்று சொல்லிப் பாருங்கள், "அங்க என்னடா இருக்கு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். போட்டிங் இல்லை, ஷாப்பிங் இல்லை, காட்டுக்குள் கடைகண்ணி இல்லை. அதனால்தான் போக வேண்டும் என்பது என் கட்சி!

கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரி மலையின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது இந்தக் காடு. கோவையிலிருந்து ஆனைகட்டி, அட்டப்பாடி வழியாக முக்காலி வரைக்கும் நம் வண்டியில் போகலாம். அதற்கு மேல் வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டிதான், கூடவே ஒரு வழிகாட்டி. சுமார் 23 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் போனால் சைரந்திரி. அங்கே கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறி நின்றால் சுற்றிலும் மலையும் மரமும்தான். கீழே குந்திப்புழா ஆறு.

சில்வண்டே இல்லாததால்தான் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. ஆனால் சில்வண்டுச் சத்தம் அங்கே நன்றாகவே கேட்கும். இல்லாதது நம்முடைய ஹாரன் சத்தம் மட்டும்தான்.

இந்த அமைதி சும்மா கிடைத்ததில்லை, நண்பர்களே. 1970களில் இதே சைரந்திரியில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் போட்டார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி, பறவை அறிஞர் சாலிம் அலி என்று பலரும் எதிர்த்தார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். "சிங்கவால் குரங்கு பெரிசா, கரண்ட் பெரிசா?" என்று அன்றைக்குக் கேட்டவர்களை நான் கிண்டல் செய்ய மாட்டேன். கரண்ட் எல்லோருக்கும் வேண்டும். ஆனால் கரண்ட்டை வேறு இடத்தில், வேறு வழியில் தயாரிக்கலாம். இந்த மழைக்காட்டை எங்கே போய்த் தயாரிப்பது?

இப்போது அணை பயம் இல்லை. என் பயமெல்லாம் நம்மை நினைத்துத்தான். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் இ-பாஸ் வந்தது ஏன்? அத்தனை வண்டிகளை மலை தாங்கவில்லை. "ரோடு போடுங்க, ரிசார்ட் கட்டுங்க, சொந்தக் காரை விடுங்க" என்று ஒவ்வொரு வசதியாகக் கேட்டுக்கொண்டே போனால், கடைசியில் இன்னொரு ஊட்டிதான் மிஞ்சும். ஊட்டிதான் ஏற்கெனவே இருக்கிறதே! முக்காலியில் வண்டியை நிறுத்தச் சொல்வது எரிச்சலாக இருக்கலாம். அந்த எரிச்சல்தான் காட்டுக்கு வேலி.

போகிறவர்கள் காலையிலேயே முக்காலி போய்ச் சேருங்கள். ஸ்பீக்கரும் பிளாஸ்டிக்கும் வேண்டாம். புலி, யானை எதுவும் கண்ணில் படவில்லை என்றால் காசு வீண் என்று புலம்பாதீர்கள். அணை கட்டாமல் விட்ட ஓர் ஆறு ஓடுவதைப் பார்க்கிறோம். டிக்கெட் காசுக்கு அது போதும்.