ஓய்வுநேரம்: ஆறு கேட்கலாமா?

சீட்டுக்கட்டைக் கண்டாலே முகம் சுளிக்கும் பெரியோர் நம் குடும்பங்களில் பலர் உளர். சீட்டினால் சம்பளத்தைத் தொலைத்த வீடுகளை நேரில் கண்டவர்கள் அவர்கள். அவர்களது அச்சத்தை நாம் குறைகூறோம். ஆயினும் பணம் வைத்து ஆடும் சூது வேறு, பிரிட்ஜ் வேறு. 1967-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டமே என்று கூறியபொழுது, அதிலுள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் போடுவதிலுள்ள அதிர்ஷ்டம் போன்றதே என்று எடுத்துக்காட்டியது. பிரிட்ஜ் போட்டிகளில் அந்த அதிர்ஷ்டமும் பெரிதும் நீங்கிவிடுகிறது. ஒரே பங்கீட்டைப் பல மேஜைகளில் ஆடச்செய்து, அதே சீட்டைக்கொண்டு யார் மிகுதியாகச் சாதித்தார் என்றே அளக்கின்றனர்.

2018-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் முதன்முறையாகப் பிரிட்ஜ் இடம்பெற்றது. ஆடவர் இரட்டையரில் தங்கம் வென்ற பிரணாப் பர்தனுக்கு அப்போது வயது 60. அவருடைய கூட்டாளி சிப்நாத் சர்க்காருக்கு 56. இருவரும் நம் வங்காளத்தினர். ஓய்வுபெறும் வயதில் ஒருவர் தேசத்துக்குத் தங்கம் கொணரக்கூடிய விளையாட்டுகள் எத்தனை உள? கார்டன் ரீச்சிலிருந்து களைத்துத் திரும்பும் நம்போன்ற குமாஸ்தாக்களுக்கு இது ஆறுதல் அன்றோ!

இனி ஆட்டத்துக்கு வருவோம். 13 பிடிகளில் 12 எடுப்பதாக முன்கூட்டியே கேட்டு வெல்வது சிறு ஸ்லாம்; 13-ம் எடுப்பது பெரு ஸ்லாம். 1925-இல் வாண்டர்பில்ட் வகுத்த முறையில், கேட்டவருக்கே ஸ்லாம் பரிசு. கேளாமல் 12 எடுத்தவருக்கு அப்பரிசு இல்லை.

ஆறு கேட்கலாமா என்பதற்குக் கணக்கே விடை கூறும். முந்திய கேம் எதுவும் வெல்லாத நிலையில், ஆர்ட்டின் துருப்பில் ஆறு கேட்டு 12 பிடி எடுத்தால் 980; நான்கில் நின்று அதே 12 எடுத்தால் 480. லாபம் 500. பதினொன்றே கிடைத்தால், நான்கில் நின்றவருக்கு 450. ஆறு கேட்டவருக்கு 50 நஷ்டம். வித்தியாசம் அதே 500. ஆகவே பாதிக்குப் பாதி வாய்ப்பிருந்தால் ஆறு கேட்கலாம். ஏழின் கதை வேறு. வென்றால் கூடுதலாக 500. ஒரு பிடி குறைந்தால் கையிலிருந்த 980 போய் 50 தண்டம். மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று மேலான உறுதி இல்லாதவர் ஏழு கேட்டல் தகாது.

புள்ளிகளை மட்டும் கூட்டி ஆறு கேட்பதும் ஆபத்து. ஏதேனும் ஓர் இனத்தில் ஏஸும் ராஜாவும் எதிரிகளிடம் இருந்தால், நமக்கு 33 புள்ளி இருந்தும் பயனில்லை. முதலிரு பிடிகளிலேயே ஆட்டம் முடிந்துவிடும். 1933-இல் பிளாக்வுட் வகுத்த நான்கு நோ டிரம்ப் கேள்வி, கூட்டாளியிடம் ஏஸ் எத்தனை என்று கூறுமேயன்றி, எவை என்று கூறாது. ஓர் இனத்தில் இரண்டு சில்லறைச் சீட்டுகளே கையிலிருந்தால், அக்கேள்வியைத் தவிர்த்து, ஏஸ் உள்ள இனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்வதே நன்று.

எதிரிகள் ஸ்லாம் கேட்டுவிட்டால், முதற்சீட்டு இறக்குபவர் கையில்தான் பொறுப்பு. எதிரிகள் ஆறு ஆர்ட்டின் கேட்டிருக்கின்றனர். மேஜையில் விரியப்போகும் கையில் நீண்ட இஸ்பேட் வரிசை இருப்பது கேள்வியிலேயே தெரிந்துவிட்டது என்று கொள்வோம். நம்மிடம் டைமன் ராஜாவும் சில சிறு சீட்டுகளும் உள. ராஜாவின் கீழிருந்து இறக்க மனம் அஞ்சும். எனினும் சிறு டைமனையே இறக்குதல் வேண்டும். நம் கூட்டாளியிடம் டைமன் ராணியும் துருப்பு ஏஸும் இருந்தால், எதிரியின் டைமன் ஏஸ் முதலிலேயே வெளிப்படும். கூட்டாளி துருப்பு ஏஸால் பிடித்து டைமனைத் திருப்பியதும் நம் ராஜா வெல்லும். வேறு சீட்டை இறக்கியிருந்தால், எதிரி தன் டைமன் ஏஸைக் காத்துவைத்து, துருப்புகளை வாங்கிக்கொண்டு, தோற்கவேண்டிய டைமன்களை அந்த இஸ்பேட்களில் கழித்துவிடுவார்.

ஆறு நோ டிரம்பிலோ இதே துணிவு கூடாது. எதிரிகளிடம் 33 புள்ளி இருக்க, எஞ்சிய ஏழும் பெரும்பாலும் நம்மிடமே இருந்தால் கூட்டாளியிடம் ஒன்றுமில்லை. ராஜாவின் கீழிருந்து இறக்குவது இனாம் அளிப்பதாகும். பெரு ஸ்லாமிலும் அப்படியே. அங்கு ஒரு பிடி போதுமாதலால், எதையும் தானம் செய்யாத சீட்டே சிறந்தது.

இறங்கும் முறை நமதாயிருக்க, கூட்டாளி எதிரிகளின் ஸ்லாமை ‘டபிள்’ செய்தால் நின்று யோசிக்க வேண்டும். 1929-இல் லைட்னர் வகுத்த குறிப்பு அது. வழக்கமான இறக்கம் வேண்டா. ஓர் இனத்தில் தம்மிடம் சீட்டே இல்லை, அதை இறக்கினால் துருப்பால் வெட்டுவேன் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். மேஜைக் கையினர் முதலில் கேட்ட இனமாகவே அது பெரும்பாலும் இருக்கும்.

கூட்டாளியின் கையை நாம் பார்க்கவியலாது. அவர் சொன்னதையும் சொல்லாததையும் நம்பித்தான் ஆடவேண்டும். நம்பியும் தோற்றபோது, மேஜையிலேயே அவரைக் கடிந்துகொள்பவர் அடுத்த ஆட்டத்தையும் அப்போதே தோற்கிறார். ஊரை விட்டு வந்து, ஒருவரையொருவர் நம்பி வாழும் நம்மவர்க்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே அன்பர்களே, காசு வைக்காதீர். வீட்டுப் பிள்ளைகளையும் அருகே அமர்த்தி எண்ணக் கற்பியுங்கள்.