கரும்புக் கொல்லையில் ஒரு குடித்தனம்



மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்டி படுக்கைகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ச் செல்வது எம்போன்ற இரயில்வே ஊழியர் குடும்பங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆயினும் நம்மைக் காட்டிலும் அடிக்கடி வீடு மாற்றும் ஒரு தாயைப் பற்றி இம்மாதம் எழுத வேண்டியிருக்கிறது. அவள் குடியிருப்பது நம் சித்தூர்ச் சீமையின் கரும்புக் கொல்லைகளில். பெயர் காட்டுப்பூனை.

சென்ற மாசியில் ஒரு நாள், வெட்டு நடந்துகொண்டிருந்த கொல்லை ஒன்றுக்குக் கரும்பு தின்னச் சென்ற எம் பிள்ளைகள், துண்டில் பொதிந்து மூன்று குட்டிகளைக் கொண்டுவந்தனர். அவற்றுக்குக் கண் அப்போதுதான் திறந்திருந்தது. "தாய் விட்டுவிட்டுப் போய்விட்டது அப்பா" என்றாள் எம் மூத்த பெண். அண்டை வீட்டார் சிலர் சிறுத்தைக் குட்டிகளோ என்று அஞ்சினர். நாமோ இரக்கத்தால் பசும்பாலைப் பஞ்சில் நனைத்து ஊட்டினோம். புண்ணியம் செய்கிறோம் என்றே எண்ணினோம். மறுநாள் காலையில் ஒரு குட்டி விறைத்துக் கிடந்தது.

செய்தி கேட்டு வந்த கரும்பு வெட்டும் முதியவர் ஒருவர், "தம்பி, தாய் விட்டுவிட்டுப் போகவில்லை; இரை தேடப் போயிருக்கும். எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு எட்டி நில்லுங்கள்" என்றார். வனத்துறையினருக்கு முதலில் தெரிவித்திருக்க வேண்டும் என்பதுகூட அன்று எமக்குத் தோன்றவில்லை. அந்தி சாயும் வேளையில், வெட்டாமல் நின்ற கரும்பின் ஓரத்தில் குட்டிகளைக் கூடையோடு வைத்துவிட்டுத் தொலைவில் வரப்பின் மேல் காத்திருந்தோம்.

இரவு எட்டு மணிக்கு மேல் நிலவொளியில் ஓர் உருவம் வந்தது. கூடையைச் சுற்றிப் பார்த்தது. ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு கரும்புக்குள் மறைந்தது. சற்றுப் பொறுத்து வந்து மற்றதையும் கொண்டுபோயிற்று. மூன்றாம் முறையும் வந்தது. வெறுங்கூடையை முகர்ந்துவிட்டு அங்கேயே நின்றது. எம் பெண் எம் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். அவள் ஒன்றும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

அதன் பிறகே இவ்வினத்தைப் பற்றித் தேடிப் படித்தோம். காதின் நுனியில் சிறு மயிர்க்கற்றையும் குட்டை வாலும் இருப்பதால், வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் நம் காட்டுப்பூனையைக் 'காட்டு லின்க்ஸ்' என்று எழுதி வைத்தார்களாம். உண்மையான லின்க்ஸ் குளிர்நாட்டு விலங்கு. நம் நாட்டில் லடாக்கு போன்ற இமயப் பகுதிகளில் வாழ்கிறது. ஸ்பெயின், ஸ்விட்சர்லாந்து முதலிய நாடுகளில் விஞ்ஞானிகள் பெண் லின்க்ஸின் கழுத்தில் ரேடியோப் பட்டை பூட்டி அதன் குடும்ப வாழ்வை ஆராய்ந்திருக்கின்றனர். பட்டையின் சைகை பல நாட்கள் ஓரிடத்தையே சுற்றி வந்தால், அங்கே ஈன்றிருக்கிறது என்று அறிவர். தாய் வேட்டைக்குச் சென்ற சமயம் பார்த்து, விரைவாகக் குட்டிகளை எடை பார்த்துவிட்டு விலகிவிடுவர்.

ஸ்பெயின் நாட்டு லின்க்ஸ் பெரும்பாலும் பழைய மரப்பொந்தில் ஈனுகிறது. சில வாரங்களில் குட்டிகளைக் கவ்விச் சென்று புதருக்குள் வேறு குடில் அமைக்கிறது. பிறகு அதையும் மாற்றுகிறது. தந்தை வளர்ப்பில் பங்கு கொள்வதில்லை. ஆகவே தாய் இரைக்குப் போகும் நேரமெல்லாம் குட்டிகள் தனித்தே கிடக்கும். தனித்துக் கிடப்பதால் அவை அநாதைகள் ஆகிவிடுவதில்லை. 2002-ஆம் ஆண்டளவில் நூற்றுக்கும் குறைவாக இருந்த அந்நாட்டு வளர்ந்த லின்க்ஸுகள் பெருகி, 2024-இல் அவ்வினம் சற்றே ஆபத்து நீங்கிய பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இத்தகைய பொறுமையான ஆராய்ச்சிக்கும் அதில் பங்குண்டு.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்து ஜுன்னர் பகுதியில் சிறுத்தைகள் கரும்புத் தோட்டங்களிலேயே ஈனுகின்றன. அறுவடையில் அகப்படும் குட்டிகளை, வனத்துறையினரும் மாணிக்தோ மையத்தை நடத்தும் வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பினரும் பெட்டியில் வைத்து, எடுத்த இடத்திலேயே மாலையில் விட்டுவிடுகின்றனர். தாய் இரவில் வந்து கொண்டுசெல்வது காமிராக்களில் பதிவாகியிருக்கிறது. மனிதர் கைபட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்னும் நம் நம்பிக்கை அங்கே பொய்த்துப் போயிற்று.

இதனை இங்கு எழுதக் காரணம் உண்டு. நம்மில் பலர் திருமலைக்கு நடந்தே ஏறுகிறோம். அச்சேஷாசலக் காடு சிறுத்தைகளின் வீடு. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தையால் உயிரிழந்த துயரத்தை யாரும் மறந்திருக்க முடியாது. பிள்ளைகளைக் கைப்பிடியிலேயே அழைத்துச் செல்லுங்கள். கூட்டத்தை விட்டு முன்னே ஓட விடாதீர்கள். வழியில் குட்டி எதையேனும் கண்டால் அருகே போகவேண்டாம். தாய் பக்கத்திலேயே இருக்கக்கூடும். காவலர்களிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். கொல்லையில் கண்டாலும் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். காட்டுப்பூனையைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமுமாகும்.

எம் பெண் இப்போது தெருப்பூனைக் குட்டியைக் கண்டாலும் தொடுவதில்லை. "இதன் அம்மா எங்கே போயிருக்கும் அப்பா?" என்றுதான் முதலில் கேட்கிறாள். அன்று நாமும் அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.